பஷ்மினாவைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் பட்டும் கம்பளியும் துவைத்துத் தருகிற கடை எங்களுடையது. மாமனார் காலத்தில் பட்டுப் புடவை மட்டும்தான் வரும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காள, அசாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் பக்கத்து லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்த பிறகு சால்வையும் ஸ்வெட்டரும் வந்து சேர்ந்தன. இப்போது உள்ளூர்க்காரர்களே கொண்டு வருகிறார்கள். ராணுவத்தில் இருக்கும் பிள்ளை லடாக்கின் லே நகரிலிருந்து வாங்கி வந்தது, லண்டனிலிருந்து மகள் அனுப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கம்பளித் துணி பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பஷ்மினா, கேஷ்மியர் பற்றியவை. இரண்டும் ஆட்டின் மேல் முடிக்கு அடியில் குளிருக்காக முளைக்கும் மெல்லிய உள்முடிதான்; அதிலேயே மிக நைசானதைப் பஷ்மினா என்கிறோம். பராமரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

கேள்வி: என் கணவர் லடாக்கில் பணியில் இருந்தபோது வாங்கி வந்த பஷ்மினா சால்வை. விலை அதிகம் என்பதால் ஒன்றிரண்டு விசேஷத்துக்குப் போர்த்தியதோடு சரி. பாலிதீன் கவரில் போட்டு, நாலு அந்துருண்டையோடு பீரோவின் மேல் தட்டில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் கழுத்து படுகிற பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை. உருண்டை போட்டும் எப்படி அரித்தது? இனிமேல் காப்பாற்ற முடியுமா அக்கா? (வாசகி, கம்மவான்பேட்டை)

காப்பாற்றலாம் தங்கச்சி. முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்துக்கு வருவோம்.

சால்வையை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் நன்றாக உதறுங்கள். மடிப்பு, ஓரத் தையல், குஞ்சம் தொடங்கும் இடம் எல்லாவற்றையும் மிருதுவான பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். அந்துப்பூச்சியின் முட்டை கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறிசு. நூலில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும், பிரஷ் பட்டால் உதிரும், நசுங்கும். அப்புறம் ஜிப் வைத்த பையில் சால்வையைப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற ஃப்ரீசராக இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டிக்கு அவ்வளவு குளிர் வராது. பெரிய ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்சம் இடம் கேளுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு, ஜில்லிட்ட துணிமேல் உடனே நீர் கோத்துக்கொள்ளும். அரை நாள் அப்படியே கிடக்கட்டும், பிறகு திறக்கலாம்.

சால்வை ஃப்ரீசரில் இருக்கிற நாட்களிலேயே பீரோவைக் காலி செய்யுங்கள். தட்டில் விரித்த பேப்பரை எறிந்துவிட்டு, மூலை, இடுக்கு, கதவுக் கீல் எல்லாம் துடையுங்கள். பக்கத்தில் இருந்த பட்டுப் புடவைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். கம்பளிக்கு அடுத்து இந்தப் புழு பட்டுக்கும் வாய் வைக்கும்.

இப்போது காரணம். பறக்கிற பூச்சி துணியைத் தின்பதில்லை, அதற்கு எதையும் தின்ன வாயே சரியாகக் கிடையாது. தின்பது அதன் புழு. நம் வீட்டுச் சுவரில் வெள்ளரி விதை அளவில், சிமெண்ட் நிறத்தில், தட்டையாக ஒரு கூடு மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ மண் துகள் என்று துடைப்பத்தால் தட்டிவிடுவோம். ஒரு முறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டின் இரண்டு முனையும் திறந்திருக்கும். ஒரு முனையில் பழுப்புத் தலை நீட்டும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே திரும்பி மறு முனையில் எட்டிப் பார்க்கும். ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, கம்பளி எல்லாம் அதற்குச் சாப்பாடு. உங்கள் சால்வையைத் தின்றது இதுவாகவும் இருக்கலாம், பீரோவுக்குள்ளேயே குடியிருக்கும் துணி அந்தின் புழுவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்.

கழுத்துப் பக்கம் மட்டும் ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. கழுத்துப் பக்கம்தான் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் இறங்கியிருக்கும். சுத்தமான கம்பளியை மட்டும் தின்று இந்தப் புழுவால் நன்றாக வளர முடியாது. அழுக்கும் எண்ணெயும் சேர்ந்த இடத்தைத்தான் தேடிப் போகும். கடைக்கு வருகிற அரித்த சால்வைகளில் கழுத்து, மடி, சாப்பாடு சிந்திய இடம் என்று அழுக்கு இருந்த தடத்திலேயே ஓட்டை போயிருப்பதைப் பார்க்கிறேன். ஒரே ஒரு முறை போர்த்தியதுதானே என்று துவைக்காமல் உள்ளே வைத்ததுதான் வினை.

அந்துருண்டை வேலை செய்ய, அதன் ஆவி இறுக மூடிய பெட்டிக்குள் அடர்த்தியாக நிற்க வேண்டும். நாளுக்குப் பத்து முறை திறக்கிற பீரோவில் நாலு உருண்டை வாசனை தரும், அவ்வளவுதான். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வாசனையும் வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு குறைபாட்டால், இந்த ஆவி பட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். உருண்டையையும் சூடத்தையும் ஒன்றாகப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பட்டுக்கொண்டு கிடந்தால் நம் சித்திரை வெயிலுக்கே உருகி எண்ணெய் போல் ஓடும், துணியில் கறை விழும். வேப்பிலை, வசம்பு போடுவது நல்ல பழக்கம். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கிற புழுவை அவை கொல்லாது.

ஓட்டைக்கு ரஃபு போடலாம். சால்வையின் குஞ்சத்திலிருந்தே நூலை உருவி, நெசவு போன வழியிலேயே ஊசியால் கோத்துத் தருவார்கள். நிறமும் இழையும் ஒன்றாக இருப்பதால் தடம் தெரியாது. உத்தரப்பிரதேசத்தில் நஜீபாபாத் என்கிற ஊரில் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்கிறார்கள். கத்தரிக்கோல் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஓரத்தில் தொங்கும் நூலைக்கூட வெட்ட வேண்டாம், ரஃபுகாரருக்கு அது வேண்டும்.

கடைசியாக, அந்தச் சால்வையைப் போர்த்துங்கள். அந்து, இருட்டும் அசைவில்லாத இடமும் தேடுகிற பூச்சி. வெளிச்சம் பட்டு, உதறப்பட்டுக்கொண்டே இருக்கிற துணியில் அது குடும்பம் நடத்தாது. மார்கழி விடியலில் கோலம் போடும்போது போர்த்தலாம். காட்பாடியில் ரயில் ஏறினால் ஏசி பெட்டியில் போர்த்தலாம். கல்யாண மண்டபங்கள் எல்லாமே இப்போது ஐஸ் பெட்டிகள்தான். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், 4,000 மீட்டருக்கு மேலே, மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற குளிரில் வளரும் ஆடு அது. உங்கள் கணவருக்கு அந்தக் குளிர் தெரியும். வசந்தம் வந்ததும் அங்கே ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் சீப்பால் வாரி எடுக்கும் உள்முடி, கரட்டு முடி நீக்கிய பிறகு ஓர் ஆட்டுக்கு வருஷத்துக்கு 100 முதல் 200 கிராம்தான் தேறும். அவ்வளவு அருமையான பொருள் மேல் தட்டில் கிடந்து புழுவுக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் பட்டுப் புடவைக்குப் பூந்திக்கொட்டைதான். கேஷ்மியர் ஸ்வெட்டருக்கும் அதையே போடலாமா? எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. (ஆரணி வாசகி)

போடலாம். பட்டுக்காரர் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியது குறைவு. பட்டைப் போலவே இதுவும் புரதம். சலவை சோடாவும் காரமான பவுடரும் இரண்டுக்கும் ஆகாது. துணி பவுடரில் ரத்தக் கறை, முட்டைக் கறை போவதற்காக என்சைம் சேர்க்கிறார்கள். புரதத்தைக் கரைப்பதுதான் அந்த என்சைமின் வேலை. கறையைக் கரைக்கிற அது, கம்பளியையும் விட்டுவைக்காது. பிளீச்சிங் தண்ணீரில் போட்டால் கம்பளி கரைந்தே போகும்.

ஏழெட்டுப் பூந்திக்கொட்டையை உடைத்து, விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் இரவு ஊற வையுங்கள். காலையில் ஒரு கொதி விட்டு, ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பொடித் தோல் ஒன்று தங்கினாலும் பின்னலுக்குள் சிக்கிக்கொள்ளும், இரண்டு முறை வடிகட்டுங்கள். வெள்ளை, சந்தன நிற ஸ்வெட்டராக இருந்தால் இது வேண்டாம், பழுப்பு ஏறும். அதற்குக் கம்பளிக்கென்று விற்கிற லிக்விடோ, குழந்தைகளுக்கான ஷாம்பூவோ ஒரு ஸ்பூன் போதும். முடிக்குப் போடுவதை முடிக்குப் போடுகிறோம்.

தண்ணீர் விஷயம் முக்கியம். நம் பக்கத்தில் போர் தண்ணீரின் கடினத்தன்மை பட்டுக் கழுவுகிற எல்லாருக்கும் தெரியும். அதில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து நூலில் படியும். காய்ந்த பிறகு ஸ்வெட்டர் சொரசொரவென்று இருந்தால் அந்தப் படிவுதான் காரணம். சோப்புக் கட்டியைத் தொடவே வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. இல்லையென்றால் ஒரு கேன் தண்ணீர் வாங்குங்கள். 20 லிட்டரில் ஒரு ஸ்வெட்டரைத் துவைத்து இரண்டு அலசும் அலசலாம். கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டால் மிச்சக் காரம் போய்விடும்.

வெயில் காலத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மதியத்தில் பிடிக்காதீர்கள். கை வைத்தால் சுடும், கம்பளி அந்தச் சூட்டுக்குச் சுருங்கும். காலையில் முதல் வேலையாகப் பிடித்துவிடுங்கள், 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். கசக்கக் கூடாது, கல்லில் போடுவது பற்றி நினைக்கவே கூடாது. ஈரமான கம்பளிக்குப் பலம் குறைவு. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர் பாரத்திலேயே நீண்டுவிடும், இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். பிழிய வேண்டாம். பெரிய டவலில் விரித்து, பாய் சுருட்டுவது போல் சுருட்டி, மேலே அழுத்தினால் டவல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து, பழைய அளவுக்குக் கையால் சரி செய்து, நிழலில் காய விடுங்கள். கொடியில் போட்டால் தோள் இரண்டும் கொம்பு முளைத்தது போல் ஆகிவிடும்.

வேலைப்பாடு உள்ள காஷ்மீர்ச் சால்வையாக இருந்தால் இதெல்லாம் கிடையாது. ஈரப் பஞ்சால் எம்ப்ராய்டரி நூலைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் வீட்டில் நனைக்காதீர்கள், டிரைகிளீனிங்கில் கொடுங்கள்.

கேள்வி: மகன் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய கேஷ்மியர் ஸ்வெட்டரை வேலைக்காரப் பெண் தெரியாமல் மெஷினில் போட்டுவிட்டாள். இப்போது என் பேரனுக்குத்தான் பொருந்தும். நீட்ட முடியுமா? (காட்பாடி வாசகர்)

பேரன் அளவு வரை போய்விட்டது என்றால், ஐயா, பழைய அளவுக்கு வராது. ஆட்டு முடியின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் குலுக்கலும் சேரும்போது செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். அப்படிக் கொளுவியதைப் பிரிக்க வழி இல்லை. கொஞ்சம் தளர்த்தலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு ஸ்பூன் கலந்து, அரை மணி ஊறவைத்து, டவலில் சுருட்டி ஈரம் எடுத்து, தரையில் விரித்து நாலு பக்கமும் மெல்ல மெல்ல இழுத்துவிடுங்கள். சுருக்கம் லேசானது என்றால் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் பேரனுக்கே போடுங்கள், அருமையாக வெதுவெதுப்பாக இருக்கும். அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டாம். இந்த ஊரில் கம்பளி துவைக்க யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கேள்வி: வாங்கிப் பத்து நாளில் ஸ்வெட்டரில் கை இடுக்கிலும் பக்கவாட்டிலும் சின்னச் சின்ன உருண்டை. மட்ட சரக்கா? (சத்துவாச்சாரி)

உருண்டை வந்ததை வைத்து மட்டம் என்று சொல்லிவிட முடியாது. உயர்ந்த சரக்கிலும் முதல் சில முறை வரும். நூலுக்கு வெளியே நிற்கும் குட்டை இழைகள் உராய்ந்து சுருண்டுகொள்கின்றன. கை ஆடும் இடம், தோள்பை தொங்கும் பக்கம், ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போது உரசும் இடம் என்று பார்த்தால் சரியாக இருக்கும். குட்டை இழை எல்லாம் வெளியேறியதும் தானாகக் குறையும். மாதக்கணக்கில் போட்ட பிறகும் அதே அளவுக்கு வந்துகொண்டே இருந்தால்தான் சரக்கைச் சந்தேகப்பட வேண்டும். விரலால் பிய்த்தால் நல்ல இழையும் கூடவே வரும். மேஜைமேல் இறுக்கமாக விரித்து, கம்பளிக்கென்று விற்கும் சீப்பால் ஒரே திசையில் வாருங்கள். ஒரு நாள் போட்டால் மறுநாள் மடித்து ஓய்வு கொடுங்கள், பின்னல் தன் நிலைக்குத் திரும்பும்.

கேள்வி: கண்காட்சியில் 600 ரூபாய்க்குப் பஷ்மினா என்று வாங்கினேன். மோதிரத்துக்குள் விட்டுக் காட்டினார். அசல்தானே? (குடியாத்தம் வாசகி)

இல்லை அம்மா. 600 ரூபாய்க்கு, மரக்கூழிலிருந்து எடுக்கும் நூலான விஸ்கோஸில் நல்ல சால்வை கிடைக்கும், பஷ்மினா கிடைக்காது. மோதிர சோதனையில் மெல்லிய பட்டும் போகும், விஸ்கோஸும் போகும். குஞ்சத்தில் ஒரே ஒரு நூலை எடுத்து, குறடால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது விலங்கு முடி, அல்லது பட்டு. பேப்பர் எரிகிற வாடை வந்தால் விஸ்கோஸ். உருகிக் கறுப்பு மணி போல் இறுகினால் அக்ரிலிக். இந்தச் சோதனை செம்மறி ஆட்டுக் கம்பளிக்கும் பஷ்மினாவுக்கும் வித்தியாசம் காட்டாது, அதை மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம் என்றால், பஷ்மினா இழை 12 முதல் 16 மைக்ரான். காஷ்மீர்ப் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய விலை கொடுப்பதாக இருந்தால் அந்த முத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

யாராவது ரகசியமாக ஷாதூஷ் இருக்கிறது என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அது திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் முடி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. விற்பதும் வாங்குவதும் குற்றம். பஷ்மினாவுக்கு ஆட்டைக் கொல்வதில்லை, வாரித்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி: ஹேங்கரில் மாட்டலாமா? இஸ்திரி போடலாமா? (திருப்பத்தூர்)

மாட்ட வேண்டாம், மடித்து வையுங்கள். ஏலகிரிக்குப் போக எடுக்கிறபோது சுருக்கம் தெரிந்தால், குளிக்கிற வெந்நீர் ஆவி நிற்கும் பாத்ரூமில் கொஞ்ச நேரம் பாதி மடிப்பாகப் போட்டு வைத்தால் தானாக நிமிரும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் மேலே ஈர வேட்டித் துணி விரித்து, குறைந்த சூட்டில், தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். தெருமுனைக் கரிப்பெட்டியில் கொடுக்காதீர்கள். சூட்டை அவர்களால் கூட்டிக் குறைக்க முடியாது.

கேள்வி: ஐப்பசி மழையில் பீரோ முழுக்க ஒரு பூஞ்சை வாடை. சால்வையிலும் ஏறிவிட்டது. திரும்பத் துவைக்க வேண்டுமா? (ராணிப்பேட்டை வாசகி)

வெள்ளையாகவோ கறுப்பாகவோ புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் துவைக்கத்தான் வேண்டும். வாடை மட்டும் என்றால் வேண்டாம். மழை விட்ட நாளில், நேர் வெயில் படாத, காற்று ஓடும் வராந்தாவில் கட்டில்மேல் விரித்து வையுங்கள். நேர் வெயில் நிறத்தையும் இழையையும் கெடுக்கும். பாலிதீன் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, துவைத்துக் காய்ந்த பருத்தித் தலையணை உறைக்குள் வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் பழைய மடிப்பிலேயே இழை நைந்துவிடும். செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தால் தட்டின் மூலையில் போடலாம், துணிமேல் படாமல். ஒரு நாள் காற்றில் வாடை போகவில்லை என்றால் மறுநாளும் விரியுங்கள்.